டூரின் 1706: 117 நாள் தாக்குப்பிடித்த நகரம்

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: 1706ல் ஐரோப்பாவின் மிகப் பெரிய தரைப்படையை வைத்திருந்த பிரான்ஸ், சவாய் என்ற சிறிய நாட்டின் தலைநகரான டூரினை நான்கு மாதம் சுற்றி நின்றும் ஏன் பிடிக்க முடியவில்லை? பியெத்ரோ மிக்கா என்ற சுரங்கப்படை வீரர் தம்மையே வெடிவைத்துத் தகர்த்துக்கொண்டு நகரத்தைக் காப்பாற்றினார் என்று இத்தாலியப் பள்ளிப் பாடங்களில் சொல்லப்படுவது உண்மையா?

மிக்கா உண்மையில் வாழ்ந்தவர். அந்த வெடிப்பும் உண்மை. ஆனால் அந்த ஓர் இரவால் மட்டும் நகரம் தப்பியது என்பதை ஏற்க முடியாது. டூரினுக்கு வேண்டியிருந்தது நாட்கள். கிழக்கே நெடுந்தொலைவிலிருந்து ஒரு படை நடந்து வந்துகொண்டிருந்தது; அது வந்து சேரும்வரை கோட்டை விழாமலிருக்க வேண்டும். அந்த நாட்களில் சிலவற்றை நிலத்தடிச் சுரங்கங்கள் ஈட்டித் தந்தன. சிலவற்றைப் பிரெஞ்சுத் தளபதியே தம் கையால் வீணடித்துக் கொடுத்தார். மிக்காவின் இடம் இந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது.

முதலில் போரின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயின் மன்னர் இரண்டாம் கார்லோஸ் 1700 நவம்பரில் பிள்ளையில்லாமல் இறந்தபோது, தம் பேரரசு முழுவதையும் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் பேரன் பிலிப்புக்கு எழுதிவைத்திருந்தார். ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் பேரரசரும் இங்கிலாந்தும் டச்சுக் குடியரசும் இதை ஏற்கவில்லை. ஸ்பானிய வாரிசுரிமைப் போர் எனப்படும் இந்தப் போர் 1701 தொடங்கி 1714 வரை நீண்டது. வட இத்தாலியின் மிலான் ஸ்பெயினுக்குச் சொந்தமாயிருந்ததால், அங்கேயும் போர் மூண்டது. பிரான்சிலிருந்து மிலானுக்குச் செல்லும் ஆல்ப்ஸ் கணவாய்களின் சாவி சவாய் கோமகன் இரண்டாம் விட்டோரியோ அமெடியோவின் இடுப்பில் இருந்தது.

இந்தக் கோமகனின் உறவுமுறையைத் தெரிந்துகொள்ளாமல் முற்றுகையின் விசித்திரம் விளங்காது. அவருடைய மனைவிக்குப் பதினான்காம் லூயி பெரியப்பா. மூத்த மகள் பிரெஞ்சு அரசவை இருந்த வெர்சாயில் லூயியின் பேரனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். இளைய மகள் ஸ்பெயினின் புதிய அரசி. ஆக, அவரை எதிர்த்து நின்ற இரண்டு அரசவைகளிலும் அவருடைய பெண்களே மருமகள்கள். முற்றுகையின் இறுதிக் கட்டத்தில் பிரெஞ்சுப் படைக்குத் தலைமை ஏற்று வந்த ஓர்லியான் கோமகன், விட்டோரியோ அமெடியோவின் மனைவியோடு ஒரே தந்தைக்குப் பிறந்த சகோதரர், அதாவது சொந்த மைத்துனர். விட்டோரியோ அமெடியோவைக் காக்க ஆஸ்திரியப் படையோடு வந்த யூஜின் இளவரசரோ சவாய் குலத்தின் இன்னொரு கிளையில் பிறந்த பங்காளி. இருவருக்கும் கொள்ளுத்தாத்தா ஒருவரே. மைத்துனர் முற்றுகையிட, பங்காளி மீட்க வந்த போர் இது.

விட்டோரியோ அமெடியோவைப் பெரிய நியாயவான் என்று நான் சொல்லமாட்டேன். போர் தொடங்கியபோது அவர் பிரான்சின் பக்கம்தான் இருந்தார். பிறகு பேரரசரோடு இரகசியமாகப் பேரம் பேசத் தொடங்கினார்; அது லூயியின் காதுக்கு எட்டியதும், 1703 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி வாந்தோம் தம்மோடு இருந்த சவாய் வீரர்களைச் சூழ்ந்து ஆயுதங்களைப் பறித்தார். அந்த நவம்பரிலேயே கோமகன் பேரரசரோடு வெளிப்படையாக ஒப்பந்தம் செய்துகொண்டார். இதற்கான தண்டனை விரைவில் வந்தது. 1704ல் சூசா, வெர்செல்லி, இவ்ரேயா ஆகியவை வீழ்ந்தன. வெரூவா கோட்டை அந்த ஆண்டு அக்டோபர் முதல் மறு ஏப்ரல்வரை மூச்சைப் பிடித்து நின்றுவிட்டு வீழ்ந்தது. 1706 தொடங்கியபோது கோமகன் கையில் பெரிய அரணாக எஞ்சியிருந்தது டூரின் மட்டுமே. அதுவும் போனால் இத்தாலியில் பிரான்சை எதிர்ப்பவர் எவருமிருக்கமாட்டார்கள்.

மே 14 அன்று பிரெஞ்சுப் படை நகரின் முன் வந்து இறங்கியது. ஏறத்தாழ 44,000 பேர். அவர்களோடு வந்த தளவாடங்களைப் பற்றிப் பின்னாளில் எழுதிவைக்கப்பட்ட ஒரு கணக்கில் 140 பீரங்கிகள், 1,10,000 பீரங்கிக் குண்டுகள், 12 லட்சம் ராத்தல் வெடிமருந்து என்று காண்கிறோம். அதில் பாதி உண்மையாயிருந்தாலும் போதும். ஒரு நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கலாம். உள்ளே சவாய் வீரர்களும் ஆஸ்திரிய வீரர்களுமாகச் சுமார் 10,000 பேர் இருந்தனர். பாதுகாப்புப் பொறுப்பு பேரரசின் தளபதி வீரிக் ஃபான் தாவுனிடம் இருந்தது. பீரங்கிப் படைக்குத் தலைவர் சொலாரோ தெல்லா மார்கரீத்தா. இவர் எழுதிவைத்த நாட்குறிப்பே முற்றுகைக்கு உள்ளிருந்து கிடைக்கும் முதன்மையான சான்று.

நகரின் தென்மேற்கு மூலையில் ஐந்து கொத்தளங்கள் கொண்ட ஐங்கோணக் கோட்டை நின்றது. 1560களில் உர்பினோ நகரத்துக் கட்டடக் கலைஞர் பச்சோட்டோ கட்டியது. 140 ஆண்டு பழைய மதில், புதிய பீரங்கிகளின் முன் நெடுநாள் நிற்காது என்பதை உள்ளே இருந்தவர்கள் நன்கு அறிவார்கள். எனவே மதிலுக்கு வெளியே, அகழியையும் தாண்டி, நிலத்துக்குக் கீழே ஒரு கோட்டையைக் கட்டியிருந்தார்கள். வழக்கறிஞராயிருந்து பொறியாளராக மாறிய அந்தோனியோ பெர்டோலா இந்த வேலையை நடத்தினார். சுரங்கப் பாதைகளின் மொத்த நீளம் சுமார் 14 கிலோமீட்டர். அவை இரண்டு அடுக்குகளாக அமைந்தன. கீழடுக்கு சில இடங்களில் 14 மீட்டர் ஆழம்வரை இறங்கியது. கொத்தளத்திலிருந்து எதிரி வரவேண்டிய திசையை நோக்கி ஒரு முதன்மைப் பாதை நேராக ஓடும். அதிலிருந்து இருபுறமும் கிளைப் பாதைகள் பிரியும். கிளைகளின் முனையில் வெடியறைகள் இருக்கும்.

இதன் செயல்முறையைச் சற்று விரிவாகச் சொல்வது பயன்படும், ஏனெனில் முற்றுகையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. அக்காலத்தில் ஒரு கோட்டையைத் தாக்குபவர் வெட்டவெளியில் ஓடி வரமாட்டார். பீரங்கி எட்டாத தொலைவில் மதிலுக்கு இணையாக ஒரு நீண்ட பள்ளம் வெட்டுவார். அதிலிருந்து வளைந்து வளைந்து முன்னேறும் பள்ளங்களை வெட்டுவார். இன்னும் நெருங்கி வந்து இரண்டாவது இணைப்பள்ளம், பிறகு மூன்றாவது. கடைசிப் பள்ளத்தில் மதிலை உடைக்கும் பெரிய பீரங்கிகளை ஏற்றி நிறுத்துவார். ஒவ்வொரு முழமும் இரவில், மண்வெட்டியால் வெல்லப்படுவது. காப்பவர் இதே மண்ணுக்கு அடியில் காதை வைத்துக் காத்திருப்பார். மேலே வெட்டும் சத்தம் தலைக்கு நேரே வந்ததும், வெடியறையில் மருந்துப் பீப்பாய்களை அடுக்கி, வெடி பின்புறமாகச் சீறித் திரும்பாதபடி பாதையை மரக்கட்டைகளாலும் மண்ணாலும் அடைத்து, துணிக்குழாயில் மருந்து நிரப்பிய திரியைக் கொளுத்துவார். பல இரவுகளின் உழைப்பும் அதில் நின்ற ஆட்களும் ஒரே நொடியில் வானத்துக்குப் போவார்கள். டூரினில் பீரங்கி மேடைகளே பீரங்கிகளோடு சேர்த்துத் தூக்கியெறியப்பட்டன. மறுநாள் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் குழியையே புதிய பள்ளமாக்கி மீண்டும் தொடங்குவார்கள். பிரெஞ்சுச் சுரங்கக்காரர்களும் கீழே தோண்டி வந்தார்கள். இருட்டில் ஒருவர் பாதை இன்னொருவர் பாதைக்குள் உடைந்து திறந்துகொள்ள, கைத்துப்பாக்கியோடும் எறிகுண்டுகளோடும் குனிந்தபடியே சண்டை நடந்தது. மதில் சூழ்பவனுக்கு உழிஞைப்பூ, காப்பவனுக்கு நொச்சிப்பூ என்று நம் புறத்திணை மரபு இரண்டாகப் பிரித்து வைத்தது. இந்த நிலத்தடிச் சண்டையில் யார் சூழ்பவன், யார் காப்பவன் என்று பிரித்தறிவதே கடினம்.

இத்தகைய சுரங்க வலை இருக்கும் பக்கத்தையே பிரெஞ்சுத் தளபதி ஏன் தேர்ந்தெடுத்தார் என்ற கேள்வி இயல்பாக எழும். அந்தத் தளபதி லா ஃபுயாட் கோமகன். அவருடைய முதன்மைத் தகுதி, போர் அமைச்சர் ஷாமியாரின் மருமகன் என்பது. இது கொஞ்சம் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் 117 நாட்களில் அவர் செய்ததைப் பார்த்தபின் வேறு தகுதி எதுவும் என் கண்ணில் படவில்லை. கோட்டை விழுந்தால் நகரம் தானே விழும், நகரத்தை முதலில் பிடித்தால் கோட்டையோடு மறுபடியும் போராட வேண்டும் என்பது அவருடைய வாதம். காகிதத்தில் சரியாகவே படுகிறது. ஆனால் அன்று உலகில் முற்றுகைக் கலையை அவரைவிட ஆயிரம் மடங்கு அறிந்த ஒருவர் பிரான்சிலேயே இருந்தார். 73 வயதான மார்ஷல் வோபான் இந்தத் திட்டத்தை எதிர்த்தார். அந்தப் பக்கமாக டூரின் பிடிபட்டால் தம் கழுத்தை அறுத்துக்கொள்ளலாம் என்று சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. மார்ஷல் பதவியை ஒதுக்கிவைத்துவிட்டு வெறும் தன்னார்வலராக வந்து உதவவும் அவர் முன்வந்தாராம். லா ஃபுயாட் ஏற்கவில்லை. வோபானின் டச்சுப் போட்டியாளரான கூஹோர்ன் கையாண்ட முறையில், அதாவது பீரங்கிகளைக் குவித்துப் பெருந்தாக்குதல் நடத்தி, நகரத்தைப் பிடித்துக் காட்டுவதாக அவர் சொன்னார் என்று ஒரு செய்தி உண்டு. வோபான் அடுத்த ஆண்டு மார்ச்சில் இறந்தார்; அதற்குள் தம் சொல் பலித்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இரண்டாவது பிழை இன்னும் பெரியது. போ ஆற்றுக்கு அப்பாலுள்ள குன்றுப் பக்கத்தை லா ஃபுயாட் ஆரம்பத்தில் இறுக்கமாக அடைக்கவில்லை. ஜூன் நடுவில் கோமகனின் குடும்பம் நகரத்தைவிட்டு வெளியேறி ஜெனோவா போய்ச் சேர்ந்தது. இயேசுவின் உடலைப் போர்த்தியதாக நம்பப்படும் டூரின் சவச்சீலையும் அப்போது ஜெனோவா சென்றது. ஜூன் 17 அன்று கோமகனே குதிரைப்படையோடு வெளியேறினார். அரசன் ஓடிவிட்டான் என்று இதைப் பார்க்கலாம். ஆனால் அவர் செய்ததிலேயே மிகவும் பயன்பட்ட காரியம் இதுதான். லா ஃபுயாட் முற்றுகைப் பொறுப்பை வேறொருவரிடம் விட்டுவிட்டு, பெரும் படைப்பிரிவோடு கோமகனைத் துரத்திக்கொண்டு, டூரினைச் சூழ்ந்த பியட்மாண்ட் பகுதியின் தெற்கு முழுவதும் அலைந்தார். கெராஸ்கோ, மொந்தோவி, குனேயோ என்று கோமகன் இழுத்த இழுப்புக்கெல்லாம் போனார். ஒருமுறைகூடப் பிடிக்க முடியவில்லை. கோமகன் கடைசியில் வால்டென்சியர்கள் என்ற புராட்டஸ்டண்ட் கிறித்தவர்களின் மலைப்பள்ளத்தாக்கில் புகுந்துகொண்டார். ஒருகாலத்தில் அவரே மதத்தின் பெயரால் வேட்டையாடிய மக்கள் அவர்கள். வேனிற்காலத்தின் மிக மதிப்புள்ள வாரங்கள் இப்படிக் குதிரைக்குளம்புகளின் கீழ்ப் புழுதியாகிப் போயின.

நகரத்துக்குள் நிலைமை நல்லதாக இருக்கவில்லை. கோட்டையைத் தவறவிட்ட குண்டுகள் தெருக்களில் விழுந்தன. செபஸ்தியானோ வல்ஃப்ரே என்ற பாதிரியார், அப்போது எழுபதைத் தாண்டியவர், காயமுற்றோரிடையேயும் ஏழைகளிடையேயும் நடந்து திரிந்ததை நகரம் பிற்காலத்தில் மறக்கவில்லை. ஆகஸ்ட் பிற்பகுதியில் உணவைவிடப் பெரிய கவலை வெடிமருந்து. சுரங்கங்களும் பீரங்கிகளும் ஒரே கிடங்கிலிருந்து தின்றன. குன்று வழியாக முன்பு கசிந்து வந்துகொண்டிருந்த மருந்தும், பிரெஞ்சுக்காரர்கள் அந்த வழியை அடைத்தபின் நின்றுபோனது. ஆகஸ்ட் 27லும் 31லும் பிரெஞ்சுக்காரர்கள் உடைந்த முன்னரண்கள்மீது பெருந்தாக்குதல் நடத்தினார்கள். இரண்டும் பெரும் உயிர்ச்சேதத்தோடு முறியடிக்கப்பட்டன. ஆனால் செப்டம்பர் பிறந்தபோது தாவுனிடம் இன்னும் சில நாட்களுக்கான மருந்துதான் இருந்தது.

யூஜின் இளவரசரின் பயணத்துக்கு இப்போது வருவோம். ஏப்ரல் 19 அன்று கல்சினாத்தோவில் வாந்தோம் ஆஸ்திரியப் படையை நொறுக்கியிருந்தார். யூஜின் வந்து சேர்ந்தபோது சிதறிய படையைப் பொறுக்கியெடுத்து மலைக்குப் பின்வாங்க வேண்டியிருந்தது. அந்தப் படை மீண்டும் எழுந்ததற்கு லண்டனும் ஒரு காரணம். 2,50,000 பவுண்டு கடன் அங்கே திரட்டப்பட்டு யூஜினுக்காக அனுப்பப்பட்டது. இங்கிலாந்தும் டச்சுக் குடியரசும் கூலி கொடுத்த பிரஷ்ய வீரர்களும் வந்து சேர்ந்தார்கள். ஜூலைத் தொடக்கத்தில் யூஜின் அடிஜே ஆற்றைக் கடந்தார்; பிறகு போ ஆற்றைக் கடந்து அதன் தென்கரையோடு மேற்கே நடந்தார். ஆடிமாத வெயிலில், எதிரி நாட்டின் ஊடே, 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. யூஜின் டூரினை எட்டவே முடியாது என்று வெர்சாய்க்கு உறுதி சொல்லிவந்த வாந்தோம், அதே ஜூலையில் வடக்கே அழைத்துக்கொள்ளப்பட்டார். மே 23 அன்று ராமியில் ஆங்கிலத் தளபதி மார்ல்பரோவிடம் பிரான்ஸ் அடைந்த பெருந்தோல்வியைச் சரிக்கட்ட அங்கே ஆள் தேவைப்பட்டது. அவருக்குப் பதிலாக 31 வயது ஓர்லியான் கோமகன் வந்தார். அவரைக் கட்டுப்படுத்த மார்ஷல் மார்சனும் வந்தார். பெயருக்கு ஒரு தலைவர், உத்தரவு போடும் உரிமையோடு இன்னொருவர். இப்படி அமைந்த படை எதுவும் நன்றாகச் சண்டையிட்டதாக எனக்கு நினைவில்லை.

ஆகஸ்ட் இறுதியில் யூஜினும் கோமகனும் டூரினுக்குத் தெற்கே சந்தித்தார்கள். சேர்ந்த படை ஏறத்தாழ 30,000. செப்டம்பர் 2 அன்று இருவரும் நகருக்குக் கிழக்கே உயர்ந்து நிற்கும் சூபெர்கா குன்றில் ஏறிப் பிரெஞ்சு அணிகளைப் பார்வையிட்டார்கள். எதிரியின் அசைவுகளைப் பார்த்த யூஜின், இவர்கள் இப்போதே பாதி தோற்றுவிட்டார்கள் என்று சொன்னதாகக் கூறுவர். வெற்றி கிடைத்தால் இந்தக் குன்றில் மாதாவுக்குக் கோயில் எழுப்புவேன் என்று கோமகன் வேண்டிக்கொண்டார்.

பிரெஞ்சுப் பாசறையில் ஓர்லியான் சரியாகவே சிந்தித்தார்: முற்றுகைப் பள்ளங்களில் பரவிக் கிடக்காமல், வெளியே வந்து யூஜினை எதிர்கொள்ள வேண்டும் என்றார். மார்சன் மறுத்துவிட்டார், அரசவையின் கட்டளை அவர் கையில் இருந்தது. எனவே பிரெஞ்சுப் படை நகரைச் சுற்றி நீண்டு மெலிந்த கோடாக நின்றது. அந்தக் கோட்டில் அரண்வேலை முடியாமல் கிடந்த பகுதி வடமேற்கே டோரா, ஸ்டூரா என்ற இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்டது. யூஜின் பிரெஞ்சு அணிகளின் கண்ணெதிரிலேயே நகரைத் தென்மேற்காகச் சுற்றி நடந்து அங்கே போய்ச் சேர்ந்தார், யாரும் தடுக்கவில்லை.

செப்டம்பர் 7 முற்பகலில் தாக்குதல் தொடங்கியது. ஸ்டூரா ஓரமாக, அன்ஹால்ட்-டெஸ்ஸாவ் லியோபோல்டின் தலைமையில் பிரஷ்யக் காலாட்படை முன்னேறி, பின்தள்ளப்பட்டு, மறுபடி முன்னேறி, கடைசியில் அரணை உடைத்தது. யூஜினின் குதிரை சுடப்பட்டு அவர் பள்ளத்தில் விழுந்தெழுந்தார். ஓர்லியான் காயமுற்றார்; மார்சன் மரணக்காயத்தோடு பிடிபட்டு இறந்தார். தம் முடிவு நெருங்கிவிட்டது என்று அவர் சண்டைக்கு முன்பே எழுதிவைத்திருந்தார் என்பார்கள். உள்ளேயிருந்து தாவுன் தம் வீரர்களோடு வெளிப்பட்டுத் தாக்கினார். மாலைக்குள் விட்டோரியோ அமெடியோ தம் தலைநகருக்குள் குதிரையில் நுழைந்தார். முற்றுகைப் பீரங்கிகளைப் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுவிட்டுப் போனார்கள்.

அதன்பிறகு நடந்ததுதான் பிரான்சுக்கு உண்மையான பேரிழப்பு. ஒரு நாள் சண்டையில் தோற்றாலும் படையின் பெரும்பகுதி உயிரோடு இருந்தது. கிழக்கே மிலானை நோக்கிப் பின்வாங்கியிருந்தால் அங்கிருந்த பிரெஞ்சுப் படைகளோடு சேர்ந்திருக்கலாம். மறுநாள் செப்டம்பர் 8 அன்று காஸ்திலியோனேயில் மெதாவி என்ற பிரெஞ்சுத் தளபதி யூஜினின் பக்கம் நின்ற ஜெர்மானிய ஹெஸ்ஸேப் படையொன்றைத் தோற்கடிக்கவும் செய்தார். டூரினில் இருந்தவர்களோ மேற்கே பினெரோலோ வழியாக ஆல்ப்ஸைத் தாண்டிப் பிரான்சுக்கே போய்விட்டார்கள். மிலான் அனாதையாகியது. 1707 மார்ச்சில் ஓர் ஒப்பந்தத்தின்படி பிரெஞ்சுப் படைகள் வட இத்தாலியை முழுவதுமாகக் காலிசெய்தன. 1713ல் உட்ரெக்ட் உடன்படிக்கை விட்டோரியோ அமெடியோவுக்குச் சிசிலியையும் அரசர் பட்டத்தையும் தந்தது. 1720ல் சிசிலிக்குப் பதில் சார்டினியாவாக அது மாறியது. 1861ல் ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் மன்னர் அந்தச் சார்டினிய அரசமரபில் வந்தவர்தான். வேண்டுதலின்படி சூபெர்காவில் ஃபிலிப்போ யுவார்ரா வடிவமைத்த பசிலிக்கா 1717 முதல் 1731 வரை கட்டப்பட்டது.

இனி மிக்கா. ஆல்ப்ஸ் அடிவாரத்து சாலியானோ ஊரில் 1677ல் பிறந்தவர். சுரங்கப் படையில் சாதாரண வீரர். ஆகஸ்ட் 29க்கும் 30க்கும் இடைப்பட்ட இரவில் பிரெஞ்சுக் கிரெனேடியர்கள் (எறிகுண்டு வீரர்கள்) சிலர் அகழிக்குள் ஓசையில்லாமல் இறங்கி, காவலரை வீழ்த்தி, சுரங்கத்தின் வாயிலுக்குள் புகுந்தார்கள். மேலடுக்கையும் கீழடுக்கையும் இணைக்கும் படிக்கட்டில் மிக்காவும் ஒரு தோழரும் இருந்தார்கள். கதவைச் சாத்தினார்கள்; மறுபக்கம் கதவு உடைபடத் தொடங்கியது. உடைந்திருந்தால் கீழடுக்கு முழுவதும், அதன் வழியே கோட்டையும், எதிரிக்குத் திறந்திருக்கும். அங்கே வெடி ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது. திரி வைப்பதுதான் பாக்கி. தோழர் தடுமாறவே, மிக்கா அவர் கையைப் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டு, நேரமில்லாததால் குட்டையான திரியை வைத்துக் கொளுத்திவிட்டு ஓடினார். படிக்கட்டோடு பிரெஞ்சுக்காரர்கள் மண்ணில் புதைந்தார்கள். மிக்காவின் உடல் படிக்கட்டிலிருந்து நாற்பது அடிவைப்பு தொலைவில் கிடந்தது என்கிறது சொலாரோவின் குறிப்பு.

அந்த நாற்பது அடிவைப்பைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் தேசபக்திக் கதைகள் அவரைத் தீப்பந்தத்தோடு நின்று மரணத்தைத் தழுவிக்கொண்டவராக வரைந்தன. அவரோ தப்பித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு ஓடிய ஒரு தொழில்காரர். அடைபட்ட பாதையில் வெடியின் அதிர்ச்சியோ நச்சுப்புகையோ அவரை எட்டிப் பிடித்தது. எனக்கு இந்த மிக்காதான் மேலானவராகத் தோன்றுகிறார். அன்று அவர் ஈட்டித் தந்தது ஒரு வாரம். யூஜின் வர அந்த ஒரு வாரமே மிச்சமிருந்தது என்பதால் அதன் மதிப்பு கூடியது. 1850களில் கோட்டையை இடித்தபோது வாயிற்கட்டடம் மட்டும் எஞ்சியது; நிலத்தடிப் பாதைகளில் பெரும்பகுதி தப்பிக் கிடந்தது. 1958ல் கீதோ அமொரெத்தி என்ற ஆய்வாளர் மண்ணை அகற்றியபோது, வெடித்துச் சிதைந்த அந்தப் படிக்கட்டு வெளிப்பட்டது. இன்று அருங்காட்சியகத்தின் வழியாக அதைப் போய்ப் பார்க்கலாம்.

திரியோடு தடுமாறிய தோழரிடம் மிக்கா சொன்னதாகச் சொலாரோ ஒரு வரியை எழுதிவைத்திருக்கிறார்: ரொட்டியில்லாத நாளைவிட நீ நீளமாக இழுக்கிறாய். போருக்குப் பின் அவருடைய மனைவி அரசுக்கு விண்ணப்பம் கொடுத்தார். அவருக்கு வாழ்நாள் உதவியாக அனுமதிக்கப்பட்டது, நாளொன்றுக்கு இரண்டு ரொட்டி.